வெளிச்சம் தெளிவாக்கிய முகம்

தூசி படக்கூடாத அறையைத் துடைப்பது அவளுடைய வேலை. முகத்துக்குப் பவுடர்கூடப் பூசிக்கொண்டு போகக்கூடாது. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினால் வாசல் காவலாளிக்குச் சிரிப்பு.

"என்னக்கா, இன்னைக்கு நிலாவுக்கா பயணம்?"

"ஆமா தம்பி. அங்கேயும் யாராவது கூட்டணும்ல."

ஊரைச் சிரிக்க வைப்பாள். உள்ளே கிடந்த பாரம் கடவுளுக்குத்தான் தெரியும். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். மிஞ்சியது ஒரே ஒரு படம். ஓடிவந்த பிள்ளையை அப்பா எடுத்தது, முகம் கலங்கிப்போயிருந்தது.

"என் கை ஆடிப்போச்சே! இப்பல்லாம் கண்ண மூடினா அவ முகமே வர மாட்டேங்குது" என்று பஸ் ஓட்டுகிற அவள் கணவர் தன்னையே நொந்துகொள்வார்.

அந்த அறையில் செய்கிற கம்ப்யூட்டர் சிப்பில் மின்சாரத்துக்குப் பதிலாக வெளிச்சமே ஓடிக் கணக்குப் போடுமாம். கலங்கின படத்தைக் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் தெளிவாக்கிவிடுமாம். கேட்டதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. ஒரு நாள் கூச்சத்தை விட்டு, இன்ஜினியர் பெண்ணிடம் படத்தை நீட்டினாள்.

திரையில் முகம் வந்தது. பளிச்சென்ற கண்கள், வரிசையான பற்கள். அழகான பிள்ளைதான். ஆனால் அவள் பெற்ற பிள்ளைக்கு ஒரு கண் கொஞ்சம் சிறுத்திருக்கும்; சிரித்தால் உதடு ஒரு பக்கம் கோணும்.

"இது எம்பொண்ணு இல்லம்மா."

இன்ஜினியர் பெண்ணின் முகம் வாடியது. "முன்னாடி பார்த்த எத்தனையோ முகங்களை வச்சு, இப்படித்தான் இருக்கும்னு அதுவா நிரப்பிடுதுக்கா. படத்துல இல்லாததை எங்கேருந்து எடுக்கும்? அழிச்சிடட்டுமா?"

"ஐயோ, வேணாம்மா. பிள்ளை முகமாச்சே. காகிதத்துல எடுத்துக் குடு."

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனாள். அதற்குள் கணவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அவளேதான்! அந்தக் கண்ணு, அந்தப் பல்லு! என்ன பேசாம நிக்குற? உன் பிள்ளையே உனக்கு அடையாளம் தெரியலையா?"

வாய் வரை வந்ததை விழுங்கினாள். "தெரியுதுங்க."

அவர் அப்போதே ஆணி அடித்து மாட்டினார். "அந்தக் கலங்கின படத்தை எடுத்துடு. இனி அது எதுக்கு?"

அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். 'கடவுளே, இனி அந்த முகம் தெரிஞ்சது உனக்கும் எனக்கும் மட்டும்தான்' என்று, கூடத்துக்குச் சத்தம் கேட்காமல் அழுதாள்.