பங்குக் கிணறும் என் தங்கையும்

போன வாரம் என் தங்கை எஸ்தர் வாயிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுதினால், ஆசிரியர் இந்தப் பத்தியையே நிறுத்திவிடுவார். அப்படித் திட்டினாள். திட்டிக்கொண்டே அவள் செய்த காரியம் இருக்கிறதே... அதைப் பார்த்த புல்லரிப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எஸ்தருக்கு எருமப்பட்டிப் பக்கம் தோட்டம். அவள் கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவார். யார் யாருக்கோ தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற மனிதர், அவர் வீட்டுக்கு இருப்பதோ அண்ணனோடு சேர்ந்த பங்குக் கிணறு. அண்ணன் பெயர் ஆரோன். மூன்று நாள் ஆரோன் மோட்டார் போடலாம், அடுத்த மூன்று நாள் எஸ்தர். இதற்கு 'முறை' என்று பெயர்.

இந்த முறையில் ஒரு பொல்லாத சட்டம் உண்டு. உங்கள் முறையில் கரண்ட் இல்லையா? போச்சு! அடுத்த முறை வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போன கோடையில் எஸ்தருக்கு அப்படித்தான் ஆனது. ஒரே ஒரு நாள் தண்ணீர் விடுங்கள் என்று ஆரோனின் வரப்பில் போய் நின்று கேட்டாள். "கரண்ட் போனா முறை போச்சு. எங்கப்பன் காலத்துலிருந்து இதானே சட்டம்?" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சின்ன வெங்காயம் ஒரு ஏக்கரும் சருகானது. அதற்கப்புறமும் இரண்டு பேரும் ஒரே சர்ச்சுக்குத்தான் போகிறார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறார்கள். பேச்சு மட்டும் கிடையாது.

நான் போன வாரம் அங்கே போனதற்குக் காரணம் வேறு. சேலத்தில் எங்கள் சர்ச்சுப் பெண்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டும். தலைப்பு — தேவ சுபாவத்தில் நமக்குப் பங்கு. தங்கை வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து யோசிக்கலாம் என்று கிளம்பினேன்.

யோசிக்க யோசிக்கப் பயம்தான் வந்தது. நட்சத்திரங்களை உண்டாக்கியவருடைய குணத்தில் எனக்குப் பங்கா? பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போடுகிற எனக்கா? கிறிஸ்தவர்கள் நாங்கள் இதைச் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் நாக்கு கூசுகிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊரில் டிரான்ஸ்பார்மர் எரிந்து கிடந்தது. யாருடைய முறை? ஆரோனுடையது. மூன்று நாளும் கரண்ட் வரவில்லை. வந்தது எப்போது தெரியுமா? எஸ்தருடைய முறை தொடங்கிய முதல் நாள் காலை!

ஆரோனின் தோட்டத்தில் வெங்காயம் பருக்கிற நேரம். தாள் நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. இன்னும் மூன்று நாள் தண்ணீர் இல்லாவிட்டால் வெள்ளாமை அவ்வளவுதான்.

"நல்லா வேணும்" என்றேன் நான். தேவ சுபாவத்தைப் பற்றிப் பேசப் போகிறவள்!

"கருகட்டுங்க்கா. அந்த மனுசன் என்னைய வரப்புல நிக்க வெச்சுப் பேசுனதை நான் மறப்பனா?" என்றபடி எஸ்தர் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் அவள் பாத்திக்குள் பாய்ந்தது. கிணற்றில் இருந்ததோ கொஞ்சம் தண்ணீர். அவள் வெங்காயத்துக்கே இழுத்துப் பறித்துத்தான் வரும். ஆரோன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவர் கேட்க வரவில்லை. எந்த முகத்தோடு வருவார்?

கொஞ்ச நேரம் எஸ்தர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மண்வெட்டியை எடுத்தாள். திட்ட ஆரம்பித்தாள். கல் நெஞ்சுக்காரன் என்பதுதான் அதில் அச்சில் ஏற்றக்கூடிய ஒரே வார்த்தை. ஒவ்வொரு வசவுக்கும் ஒரு வெட்டு. தன் மடையை அடைத்தாள். ஆரோன் பக்கத்து மடையைத் திறந்துவிட்டாள்.

"ஏய், என்னடி பண்றே?"

"பார்த்தாத் தெரியிலியா? நீ சும்மா இரு, அக்கா!" அவள் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

தண்ணீர் காலில் பட்டதும் ஆரோன் திரும்பினார். வாய்க்காலைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார். வரப்போரமாக மெல்ல நடந்து வந்தார்.

"இது எம்பட முறை இல்லியே சாமி... உன்ற வெங்காயம் காயுமே?"

"காயத்தான் காயுமுங்க மாமா. எனக்குக் கோவமும் இன்னும் போகிலீங்க. அதுக்காவ இதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியிலீங்க. நீங்க போயி பாத்தியப் பாருங்க, தண்ணி வீணாப் போவுது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போன வருசம்..." என்பதற்கு மேல் வரவில்லை. தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தேவ சுபாவம் என்றால் கோபமே வராத, அமைதியே உருவான ஒரு நிலை என்றல்லவா நான் எழுதி வைத்திருந்தேன்? இங்கே கோபம் இருந்தது, அழுகை இருந்தது, நஷ்டம் நிச்சயமாக இருந்தது. ஆனாலும் தண்ணீர் எதிராளியின் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்லவன் காடு, கெட்டவன் காடு என்று பார்க்காமல் மழையை அனுப்புகிற ஒருவர் மேலே இருக்கிறார். அவருடைய பழக்கம் அது. அந்தப் பழக்கம் ஒரு பகல் வேளையில், என் கண்ணெதிரே, என் தங்கையின் கையில் வந்து நின்றது. கிணற்றில் பங்கு உள்ளவர் கிணறாகிவிட மாட்டார். ஆனால் அவர் வாய்க்காலில் ஓடுவது அந்தக் கிணற்றுத் தண்ணீரேதான் இல்லையா?

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். "எப்புடிடி மனசு வந்துச்சு?"

"மனசு எங்கக்கா வந்துச்சு? கைதான் போச்சு." சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். பிறகு, ஏதோ பயந்தவளைப் போல மெல்லச் சொன்னாள். "என்னைய உனக்குத் தெரியாதா? இது எங்குணமே இல்லக்கா."

எனக்குத் தெரியாதா? ஒரு பென்சிலுக்காக என்னோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள் அவள். கூடப் பிறந்தவள் சொல்கிறேன் — சத்தியமாக அது அவள் குணம் இல்லை.