சேவல் காலில் இருந்த சுருக்கு

எதையும் தேதியோடு எழுதி வைப்பது என் வழக்கம். எங்கள் சேவலின் இடது கால் வீங்கத் தொடங்கியதிலிருந்து தினமும் எழுதினேன். மஞ்சள் பற்றும் போட்டேன். ஆறாம் நாள் அது எழுந்து நிற்கவில்லை. அறுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நான் கத்தி தீட்டுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மல்லிகா வேலியைத் தாண்டி வந்தாள். அவளுடைய நாற்றங்காலைச் சேவல் கிளறியதில் சண்டையாகி, எங்களுக்குள் பேச்சே இல்லாமல் இருந்தது.

"கொழம்பு அப்புறம் வைக்கலாம், காலக் காட்டுங்கண்ணே. இத எப்பக் கட்டிப்போட்டீங்க?"

"உன் நாத்தங்காலக் கிளறுன மறுநாளு."

"எப்ப அவுத்தீங்க?"

நோட்டைப் புரட்டினேன். அவிழ்த்ததாக எங்கும் இல்லை. கயிற்றை நடுவில் நான் அறுத்துவிட்டது மட்டும் நினைவுக்கு வந்தது.

மல்லிகா காலில் இருந்த மஞ்சள் பற்றை வெந்நீரால் கழுவினாள். நைலான் சுருக்கு சதைக்குள் புதைந்திருந்தது. சின்னக் கத்தரியால் அதை மெல்ல நறுக்கி எடுத்தாள்.

"இத்தன நாளு எழுதுனீங்களே, ஒரு தடவ கழுவிப் பாத்தீங்களா? புண்ணு ஆழமா இருக்கு. ஒரத்தநாடு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் மருந்து போடுங்க."

போட்டேன். பத்து நாளில் சேவல் நொண்டியபடி நடந்தது. நேராக அவள் கொல்லைக்குத்தான் போனது. அவள் விரட்டவில்லை.

வீக்கத்தை அத்தனை நாள் எழுதியவன், அதை வரவழைத்தது நான்தான் என்பதை அன்றுதான் எழுதினேன்.