கரை ஒதுங்கிவிட்டான், கவலை வேண்டாம்

மைதாப் பசையின் புளித்த வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால் போதும்... எனக்கு எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தம்தான் ஞாபகம் வரும்.

அம்பத்தூரில் சைக்கிள் பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வயசு பத்தொன்பது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. இரண்டு நாளாக மெஷினை விட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தோம். பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. இருந்தது ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. ஜன்னல் கிடையாது.

அன்று சாயங்காலம் நகத்தில் பசையோடு வீட்டுக்கு வந்தால், கஸ்தூரி அண்ணி ஒரு இன்லேண்ட் லெட்டரை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானமே வந்ததாம். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏகாம்பரம் அண்ணன் நேவியில் இருந்தான். மூன்று வாரமாக அவனிடமிருந்து தகவலே இல்லை.

பிரித்தேன். அண்ணன் கையெழுத்து இல்லை. ஒன்றாம் கிளாஸ் பிள்ளை எழுதியது மாதிரி பெரிய பெரிய எழுத்து. மனசுக்குள் ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம். புத்தி கெட்டவள், சத்தமாகவே படித்தேன்.

"அன்புள்ள சகோதரி, நான் ஏகாம்பரத்தின் ஆபீசர் குருப்பு. நேற்று ஏகாம்பரம் கரை ஒதுங்கிவிட்டான். கவலை வேண்டாம். அவன் பெட்டி பத்திரம். அவனால் எழுத முடியாது, அதனால் நான் எழுதுகிறேன். நாங்கள் புறப்படுகிறோம். அவன் இல்லாதது எங்களுக்குப் பெரிய குறை."

கரை ஒதுங்குவது எது? நீங்களே சொல்லுங்கள்... பிணம்தானே?

நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அண்ணி மட்டும் அழவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு வந்து, அண்ணியின் நெற்றிப் பொட்டை அழிக்கக் கையை நீட்டினாள். அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தந்தி வர்ட்டும், அப்பால பாக்கலாம். செத்துப்பூட்டா கவர்மெண்டு தந்திதான் அடிக்கும், லெட்டர் போடாது. அம்சா, நீ ஓடு. தாமு அண்ணனாண்ட காட்டினு வா."

தாமு அண்ணன், என் அண்ணனோடு அதே கப்பலில் இருந்தவர். இரண்டு வருஷம் முன்னால் நேவியை விட்டு வந்து, ஆவடியில் ஒர்க்‌ஷாப் ஒன்றில் சேர்ந்திருந்தார். ஏரிப் பக்கம் வீடு. நான் மூச்சிரைக்க ஓடியபோது அப்போதுதான் சைக்கிளை விட்டு இறங்கினார். லெட்டரைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள்... வயிற்றைப் பிடித்துக்கொண்டு!

"சிரிக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கத்தினேன். வயசில் பெரியவரை அப்படிப் பேசியது அன்றைக்குத்தான்.

"அடிப்பாவி, அழுவாத! கரை ஒதுங்குனான்னா கப்பல்லேருந்து எறங்கிட்டான்னு அர்த்தம். லீவு வுட்டா போதும், 'மச்சான், நான் கரை ஒதுங்குறேன்'னு சொல்லிகினுதான் நாங்க எறங்குவோம். எல்லாம் நம்ம பசங்க வச்ச பேரு. குருப்பு சாரு மலையாளத்தாரு. எங்களாண்டதான் தமிழ் கத்துகினாரு. வேற இன்னாத்த எழுதுவாரு?"

என்னை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மிதித்தார். கல்யாணமாகாத பெண் அப்படிப் போவதை ஊரே பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டாள். "அப்போ எழுத முடியாதுன்னு ஏன் போட்டுகீறாரு?"

தாமு அண்ணன் லெட்டரை மறுபடி வாங்கிப் படித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. விடிந்ததும் முதல் வேலையாக, அண்ணன் கப்பல் நின்றிருந்த விசாகப்பட்டணத்தில் இருந்த பழைய கூட்டாளி ஒருவருக்குத் தந்தி கொடுத்தார். மூன்று நாள். அண்ணி தினமும் காலையில் புதுசாகப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பதில் வந்தது. வலது கை முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். அப்போதுதான் அண்ணி அழுதாள்.

பொங்கலுக்கு அண்ணன் மாவுக்கட்டோடு வந்து சேர்ந்தான். கப்பல் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது குருப்பு சார் அந்த லெட்டரை எழுதினாராம். தன் சொந்த வீட்டுக்கு எழுத அவருக்கு நேரமில்லாமலே போய்விட்டதாம். கூட்டாளிகளெல்லாம் யுத்தத்துக்குப் போக, தான் மட்டும் கட்டிலில் படுத்திருந்ததை அண்ணன் கடைசி வரை பொறுத்துக்கொள்ளவில்லை. நல்லவேளை, எல்லோரும் முழுசாகத் திரும்பினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து குருப்பு சார் பருத்திப்பட்டுக்கே வந்தார். அண்ணி இலை போட்டு மீன் குழம்பு ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "சார், ஒனக்குப் புண்ணியமாப் போவட்டும். இனிமே தமிழ்ல மட்டும் லெட்டர் போடாத." மனுஷன் சிரித்ததில் புரையேறிவிட்டது. அதற்கப்புறம் வருஷா வருஷம் கப்பல்காரர்கள் எங்கள் வீட்டில்தான் கூடினார்கள். வருஷா வருஷம் அதே கதை, அதே சிரிப்பு.

போன வருஷம் அண்ணன் போய்விட்டான். தாமு அண்ணனால் இப்போது நடக்கவே முடியாது, சைக்கிள் எங்கே மிதிப்பது? படுத்தபடியே கப்பல்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சேதியைப் போட்டார். அன்றைக்கு ஒரு பதிலுக்கு மூன்று நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். இப்போது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குருப்பு சாரிடமிருந்து தமிழில் வந்தது.

"ஏகாம்பரம் கரை ஒதுங்கிவிட்டான். கவலை வேண்டாம்."

அண்ணிக்கு இப்போதும் படித்துக் காட்டுவது நான்தான். முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? எறங்கிட்டாருன்னுதானே எழுதிகீறாரு" என்றாள் அண்ணி.

பத்தாம் நாள் பொட்டை அழிக்கப் பெண்டுகள் வந்தார்கள். அண்ணி அவர்கள் கையைத் தட்டிவிட்டாள்.

"தந்தி வர்ட்டும், அப்பால பாக்கலாம்."

தந்தி ஆபீஸை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. அது அண்ணிக்கும் தெரியும். பொட்டு இன்னும் இருக்கிறது.