மனைவியின் காதுக்கு மூன்று வால்வு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் முடியப்போகும் சமயம் அது. மலாயாவின் பேராக்கில், சுங்காய்க்கு நாலரை மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். எனக்கு நாற்பத்தொரு வயது, மனைவிக்கு முப்பத்தாறு. இப்போது எனக்கு எண்பத்து மூன்று. சாப்பிட்டேனா இல்லையா என்பதே சில நாள் மறந்துபோகிறது. ஆனால் அந்த வருடம் நான் என் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் எத்தனை திருகாணி இருந்தது என்பது மறக்கவில்லை. இருபத்தேழு.

அதை என் மனைவிக்காகத்தான் கட்டினேன். அவளுக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததில்லை. அதற்கு ஆறு வருடம் முன்பு தோட்டம் முழுக்க மலேரியாக் காய்ச்சல் பரவியது. அவளும் படுத்துவிட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொயினா மருந்தை ஏழு நாளைக்கு, நாளுக்கு மூன்று வேளையாக இருபத்தொரு வேளைக்கு அளந்து கொடுத்தார். "காதுல சத்தம் கேக்குதுன்னு சொன்னாங்கன்னா நிறுத்திட்டு எனக்கு ஆள் அனுப்புங்க கிராணி" என்றும் சொன்னார். பதினேழாவது வேளை குடித்த பிறகு, காதுக்குள் வண்டு இரைகிற மாதிரி இருக்கிறது என்றாள். இன்னும் நாலு வேளைதான், எண்ணிக்கையை முடித்துவிடுவோம் என்று நானே கையால் ஊற்றிக் குடிக்கவைத்தேன். ஆள் அனுப்பவில்லை. காய்ச்சல் விட்டது. இரண்டு மாதத்தில் காதும் போய்விட்டது.

காய்ச்சலால் போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

காது கேட்காதவரோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும், பேச்சு எப்படிச் சுருங்கிப் போகும் என்று. சோறு, தண்ணீர், மழை வருது, துணியை எடு. இவ்வளவுதான். அதையும் கத்த வேண்டும். கத்திக் கத்தி என் குரலே சண்டைக்காரன் குரல் மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கும் தன் குரல் தனக்குக் கேட்காததால் பேச்சு ரொம்ப உரத்துப்போய்விட்டது. பக்கத்து வீட்டு சின்ன கிராணியின் மனைவி, நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவியின் அண்ணன் ஈப்போவில் தந்தி ஆபீசில் இருந்தார். அவருக்கு ரேடியோப் பைத்தியம். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்திருந்த படத்தைக் காட்டினார். மைக்கில் பேசினால் அந்தச் சத்தத்தை, பல்பு மாதிரி இருக்கும் மூன்று கண்ணாடி வால்வு ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கித் தரும் ஒரு பெட்டி.

"மாப்ள, இது ரேடியோ இல்ல. வெறும் சத்தத்தப் பெருசாக்கற பெட்டி. தங்கச்சி காதுல கொஞ்சமாச்சும் உசிரு இருந்தா இதுல ஏறும்" என்றார்.

வால்வுகளையும் கனெக்ஷன் கம்பிகளையும் அவர் ஈப்போவிலிருந்து அனுப்பினார். மைக்குக்குத் தோட்டத்து ஆபீசில் கழித்துப் போட்டிருந்த பழைய டெலிபோனின் வாய்ப்பக்கத்தைத் துரையிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மைக்குக்கான டிரான்ஸ்பார்மரை மட்டும் நானே சுற்ற வேண்டியிருந்தது. தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக்கம்பி, நாலாயிரம் சுற்று. ஒரு சுற்றுகூடக் குறையக்கூடாது என்று எனக்குக் கவலை. தைக்கிற மெஷின் சக்கரத்தில் கட்டையை மாட்டி அவள் மெதுவாகச் சுற்றுவாள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். நூறு ஆனதும் தலையை ஆட்டுவேன், அவள் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுவாள். நாற்பது கொட்டை சேர நாலு சாயங்காலம் ஆயிற்று. கம்பி அறுந்துவிடுமோ என்று எனக்கு வியர்த்துக் கொட்டும். அவளோ நான் உதட்டைக் குவித்து எண்ணுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சுற்றுவாள். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில், அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

கட்டி முடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானை வரவழைத்தேன். பெரிய குழாய் ஸ்பீக்கர் ஒன்றையும் தன் கிராமபோனையும் தூக்கிக்கொண்டு வந்தார். கிராமபோனில் நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டு முன்னால் மைக்கை வைத்தோம். வால்வுகள் மூன்றும் சாம்பிராணிக் கங்கு மாதிரிச் சிவந்தன. குழாயிலிருந்து வந்த சத்தத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருந்தவர்கள் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். ஒரு கிழவர் குழாய்க்குள் எட்டிப் பார்த்து, "இதுக்குள்ள எத்தன பேரு இருக்காங்க கிராணி?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் குழாயின் மேல் கையை வைத்தாள். "கையில குறுகுறுங்குது" என்றாள் உரக்க. காதைத் தொட்டுக் காட்டினேன். இல்லை என்று தலையசைத்தாள்.

சத்தத்தை இன்னும் கூட்டினேன். மைக்கைக் குழாய்க்குப் பக்கத்தில் இழுத்து நானே பேசிப் பார்த்தேன். உடனே அது ஊளையிட ஆரம்பித்துவிட்டது. குழாயிலிருந்து வருகிற சத்தம் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி குழாய் வழியாக வந்தது. வாசலில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

"தங்கச்சிக்குக் காது வர்றதுக்குள்ள தோட்டத்துக்கே காது போயிடும் லா" என்றார் மச்சான்.

பேட்டரியும் இறங்கிவிட்டது. மறுநாள் அதைச் சைக்கிளில் கட்டி, ஆசிட் சிந்துமோ சிந்துமோ என்று வழியில் ஆறு தடவை இறங்கிப் பார்த்து, சுங்காயில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சீனக் கடை முதலாளியிடம், தவுக்கேயிடம், கொண்டுபோனேன். என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேட்டரி மூடியைத் திருகிக்கொண்டே, "கிராணி, இனி சத்து ஓராங் பூஞாக்கா, சத்து கம்போங் பூஞாக்கா?" என்று மலாயில் கேட்டார். இது ஒரு ஆளுக்கா, ஊருக்கா என்று அர்த்தம்.

ஒரு ஆளுக்குத்தான் என்றேன்.

"அப்பறம் எதுக்கு ஊருக்கெல்லாம் கத்துறே?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய ஹெட்போனை எடுத்து வந்தார். சரிப்பட்டால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுவா என்றார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோதே எனக்கு வெட்கமாகிவிட்டது. படித்தவன் நான். ஒரு பெண்ணின் காதுக்கு வேண்டியதை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் சாயங்காலம் குழாயைக் கழற்றிவிட்டு ஹெட்போனை மாட்டினேன். கொண்டையில் சிக்காமல் அவள் தலையில் வைத்து, மைக்கைக் கையில் எடுத்து, வழக்கம்போல அடிவயிற்றிலிருந்து "கேக்குதா?" என்றேன்.

அவள் துள்ளி எழுந்துவிட்டாள். "ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்று பதிலுக்குக் கத்தினாள். அந்தக் குரலும் மைக் வழியாக அவள் காதுக்குப் போயிற்று. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "இவ்வளவு சத்தமாவா நான் பேசறேன்?" என்றாள். ஆறு வருடம் முன்பு இருந்த அதே தாழ்ந்த குரல். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இசைத்தட்டு வேண்டாம் என்றாள். பெட்டி அப்படியே ஓடட்டும், வீடு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன் என்றாள். தகரக்கூரையில் மழை விழுவதை, கோழி கொக்கரிப்பதை, உலை கொதிப்பதை எல்லாம் உட்கார்ந்து கேட்டாள். இது மழைதானே, இது கோழிதானே என்று ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பேட்டரி இறங்கிவிடுமே என்ற கவலையைக்கூட நான் வெளியில் காட்டவில்லை.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது.

வேலை முடிந்து வந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மைக் மேசைமேல் இருந்தது. அந்த மேசையில்தான் நான் பென்சிலைத் தேடினேன். காணவில்லை. இந்த ஆறு வருடத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. அவள் முதுகைப் பார்த்து முணுமுணுப்பது. அவளுக்குத்தான் கேட்காதே. கையும் கண்ணும் தேடிக்கொண்டிருக்க, வாய் தன்பாட்டுக்கு ஓடியது.

"வச்ச எடத்துல ஒண்ணு இருக்கா இந்த வீட்ல. பதினாலு வருஷமா சொல்றேன். சொல்லி என்ன, கேக்கவா போவுது. உன்னச் சொல்லிக் குத்தமில்ல. டிரஸ்ஸர் நிறுத்தச் சொன்னப்பவே நிறுத்தியிருந்தா கேட்டிருக்கும். நாலு வேளை. நான்தானே ஊத்துனேன், எண்ணிக்கை முடியணும்னு."

எந்த முணுமுணுப்பும் கடைசியில் அங்கே போய்த்தான் முடியும். தினமும் அப்படித்தான்.

முறம் நின்றது. அப்போதுதான் என் கண்முன் மூன்று வால்வும் சிவப்பாக எரிவதைப் பார்த்தேன். நானே கட்டியதை நானே மறந்துவிட்டிருந்தேன்.

அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் கழற்றி, மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாலு நாள் அதைத் தொடவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், துணி துவைத்தாள். நான் ஹெட்போனைக் காட்டினால் வேண்டாம் என்று கையசைத்தாள். கேட்க முடிகிற ஒருத்தி, என்னால் மறுபடி கேட்காதவளாக உட்கார்ந்திருந்தாள். இனி ஆயுசுக்கும் அதை மாட்டமாட்டாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். "பசியாறியாச்சா? பெட்டி எப்படி?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவர், தங்கை வெறும் காதோடு நிற்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரை ரப்பர் மரங்களுக்கு இடையில் கூட்டிப்போய், கொயினாக் கதையை முதல் தடவையாக ஒருவருக்குக் கேட்கும்படி சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, சாய்ந்திருந்த ஒரு பால் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தார்.

"இத எங்கிட்ட சொல்ல உங்களுக்கு மெஷின் வேணாம் மாப்ள" என்றார். "யாருகிட்ட சொல்லணுமோ அவளுக்குத்தான் மெஷின் வேணும். அதையும் கட்டி வச்சிருக்கீங்க. போங்க."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டேன். ஹெட்போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அவள் முன்னால் நின்றேன். கையை நீட்டியபடியே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தானே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கத்தாமல், எதையும் விடாமல் சொன்னேன். டிரஸ்ஸர் சொன்னது, அவள் பதினேழாவது வேளைக்குச் சொன்னது, நான் செய்தது, பிறகு ஊரோடு சேர்ந்து காய்ச்சல்மேல் பழியைப் போட்டது.

கேட்டு முடித்துவிட்டு, "அந்த மாசம் காய்ச்சல்ல எத்தன பேரு போனாங்க?" என்றாள்.

"பதினொரு பேரு."

"அதுல பாதியில மருந்த விட்டவங்க எத்தன பேரு?"

எனக்குத் தெரியாது. அதை நான் எண்ணியதே இல்லை.

"எல்லாத்தையும் எண்ணுவீங்களே. அத மட்டும் ஏன் எண்ணல? அந்த நாலு வேளையில எனக்குக் காது போச்சா, உசிரு நின்னுச்சான்னு யாருக்குத் தெரியும்" என்றாள். அப்புறம் குரல் உடைந்தது. "எனக்குக் கோவம் அதுக்கில்ல. ஆறு வருஷமா தெனம் என் முதுகுகிட்ட சொல்லியிருக்கீங்க. ஒரு நாள் முன்னால வந்து நின்னிருந்தா, உதட்டப் பாத்தே புரிஞ்சிக்கிட்டிருப்பேன்ல."

வாசல்படியில் மச்சான் மூக்கைச் சிந்தும் சத்தம் மைக்கில் விழுந்தது போலிருக்கிறது. "அண்ணனுக்குச் சளி" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அதோடு எழுந்து போய் எங்களுக்குத் தேநீர் போட்டாள்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் அந்த மாதத்துப் பதிவேட்டைப் புரட்டினேன். பதினொரு பெயரும் இருந்தது. யார் மருந்தை முடித்தார்கள், யார் விட்டார்கள் என்று எழுதியிருக்கவில்லை. ஆகவே அவள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது.

அந்தப் பெட்டி இரண்டு வருடம் ஐந்து மாதம் ஓடியது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் பேசுவோம். பெரும்பாலும் நான் சலித்துக்கொள்வேன், அவள் பதில் கொடுப்பாள். வால்வுகள் போய், பிறகு அதே மாதிரி கிடைக்காமல் போனபோது, எதிரில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டிருந்தோம். அவள் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இப்போதும் யாரிடமாவது நான் சொல்ல வேண்டியது இருந்தால், முழங்கால் வலித்தாலும் எழுந்து போய் அவர்கள் முகத்துக்கு நேரே நின்றுகொண்டுதான் சொல்கிறேன். நான் அவள் எதிரில் வந்து நின்று பேசியிருக்கக்கூடிய அந்த ஆறு வருடத்தில் எத்தனை நாள் இருந்தன என்று கணக்குப் பார்க்க மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.