ஒன்பதாம் வகுப்பில் கடை போட்டோம்

கணக்கு வாத்தியார் என்று சொன்னால் போதும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "எனக்குக் கணக்கே வராது சார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். தமிழய்யாவிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. என்னைப்போல் கணக்கு எடுத்துக் காலம் தள்ளும் சக பாவிகளுக்கு இது புரியும். பிள்ளைகளின் இந்த வெறுப்பை மாற்றிவிடலாம் என்று, 2004-ல் சிதம்பரத்துப் பள்ளியில் சேர்ந்த புதிதில் நான் மனதார நம்பினேன். அதற்கு நான் பிடித்த வழி, கம்ப்யூட்டரில் வியாபார விளையாட்டு.

சிதம்பரத்தில் பனி பெய்தது

முதல் விளையாட்டு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இருந்தது. எலுமிச்சை ஜூஸ் கடை. காலையில் திரையில் வானிலை வரும். அதைப் பார்த்து எத்தனை தம்ளர் போடுவது, என்ன விலை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சாயங்காலம் லாபமா நஷ்டமா என்று அதுவே சொல்லும். சதவீதம், விகிதம், சராசரி எல்லாம் அதற்குள் ஒளிந்திருந்தன. எங்கள் கம்ப்யூட்டர் அறையில் உயிரோடு இருந்த மெஷின்கள் கொஞ்சம்தான். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவைக் குழு குழுவாகப் பிரித்து, ஒரு மெஷினுக்கு ஒரு குழு என்று உட்கார வைத்தேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரை முழுக்க வெள்ளையாகப் பொடி கொட்டியது. ஒரு தம்ளர்கூட விற்கவில்லை. ஒரு பெண் அதைக் கோலமாவு என்றாள். இது பனி, இப்படிப் பெய்தால் அந்த நாட்டில் யாரும் வெளியே வரமாட்டார்கள் என்று விளக்கினேன். ஏற்கெனவே நிறைய எலுமிச்சம்பழம் வாங்கிப்போட்டிருந்த குழுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பனி கொட்டுற ஊருல போயி ஜூஸ் கடை போடச் சொன்னது யாரு சார்?"

மைனஸ் இட்லி

என் மனைவியின் தம்பி ரவி அப்போது தெற்கு வீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். அவனிடம் போய் அழுதேன். சென்டரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து, காசு வாங்காமல் ஓர் இட்லிக்கடை விளையாட்டு எழுதிக் கொடுத்தான். அதில் மழை உண்டு, கரண்ட் கட் உண்டு, தரிசனத்துக்கு வெளியூர்க் கூட்டம் வரும் நாளும் உண்டு. எல்லாம் தமிழில்.

இரண்டாவது வாரமே ஒரு குழு எல்லாரையும் தோற்கடித்தது. என்ன செய்தார்கள் என்று போய்ப் பார்த்தால், எத்தனை இட்லி என்ற இடத்தில் மைனஸ் நூறு என்று அடித்திருக்கிறார்கள். மைனஸ் இட்லிக்கு மாவுச் செலவும் மைனஸ். செலவில் மைனஸ் வந்தால் கையில் பணம் கூடுகிறது. மைனஸைக் கழித்தால் ஏன் பிளஸ் ஆகிறது என்று எத்தனையோ வகுப்புகளில் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் வாயே திறக்காமல் வகுப்பு முழுக்கப் புரிந்துவிட்டது. சாயங்காலம் ரவியிடம் சொன்னபோது அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மைனஸ் இட்லி சுடுவாங்கன்னு எனக்கு எப்படி மாமா தெரியும்?"

அவன் மறுநாளே அந்த ஓட்டையை அடைத்துவிட்டான். அடைக்காமல் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு வந்த ஒன்பதாம் வகுப்புகளுக்கு மைனஸைப் பழையபடி தொண்டை வறளத்தான் நடத்தினேன்.

அரிசி மில்காரர்

பாலாஜி காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவான். அவனுடைய அப்பாவுக்கு அங்கே சின்ன அரிசி மில் இருந்தது. ஒரு நாள் அவர் வெள்ளை வேட்டியும் வியர்வையுமாக வகுப்பு வாசலில் வந்து நின்றார். பையன் என்னவோ தப்பு செய்துவிட்டான் என்று நினைத்து வெளியே போனேன்.

பையன் தப்பு எதுவும் செய்யவில்லை. வீட்டில் சாப்பிடும்போது, ஒரு மூட்டை அரைக்கக் கரண்ட் எவ்வளவு, கூலி எவ்வளவு, தவிட்டில் வருவது எவ்வளவு என்று அப்பாவைக் கேட்டுக் கேட்டு, மில் நஷ்டத்தில் ஓடுவதைக் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் சந்தோஷமாக அறிவித்திருக்கிறான். நான் அவருக்கு உட்கார நாற்காலி போட்டேன். பையனின் கணக்கு சரியாக இருப்பதை நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமைதான். அவர் உட்காரவில்லை. குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "நஷ்டம்னு எனக்கும் தெரியும் சார். அத எம்பொண்டாட்டி முன்னால சொல்லணுமா?"

வேல்முருகனின் ரீசார்ஜ் கடை

இட்லிக்கடையில் யாராலும் தோற்கடிக்க முடியாதவன் வேல்முருகன். ஆட்டோ ஓட்டுபவரின் மகன். எதிர்க்கடைக்காரன் விலையைக் குறைப்பான் என்று இவனுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரியும். அதற்குள் இவன் குறைத்துவிடுவான். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க். இவன் சி.ஏ. படிப்பான் என்று ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். ஜூன் மாதம் பிளஸ் ஒன் வகுப்பில் ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரீசார்ஜ் கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

போய்க் கூப்பிட்டேன். இந்த வருடம் சேர்ந்துவிடு, கடையைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அவன் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தான். "நல்லா ஓடும்போது எவனாச்சும் வெளிய போவானா சார்?" என்று சிரித்தான். விளையாட்டில் நான் சொல்லிக்கொடுத்த அதே பேச்சு. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச காலம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடை பூட்டியிருந்தது. பிறகு ஒரு தீபாவளிக்கு முந்திய நாள் அவனை ரயில்வே ஸ்டேஷனில் பார்த்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். முகம் கறுத்து இளைத்திருந்தது. எதிரிலேயே இன்னொருவர் கடை போட்டாராம். விலையைக் குறைத்திருக்கலாமே, உனக்குத் தெரியாததா என்றேன். அவன் பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். "விளையாட்டுல எதிர்க்கடக்காரன் கம்ப்யூட்டரு சார். இங்க அவரு எங்க தாய்மாமன்."

ஆளைக் குறைக்கும் பொத்தான்

பிறகு எனக்குக் கடலூருக்கு மாற்றல் வந்தது. ரவி எனக்காகக் கடைசியாக ஒரு விளையாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனான். இது பிஸ்கட் கம்பெனி. ஆர்டர் குறைந்தால் 'ஆளைக் குறை' என்று ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் நஷ்டம் நின்றுவிடும். எல்லாக் குழுவும் அழுத்தியது. ஸ்டெல்லா என்ற பெண்ணின் குழு மட்டும் அழுத்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது.

வெறும் எண்தானே அம்மா, அழுத்து என்றேன். அவள் எழுந்து போர்டுக்கு வந்தாள். ஒருத்தரையும் நிறுத்தாமல் எல்லாருக்கும் வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று வரி வரியாகப் போட்டாள். கணக்கு சரிதான், கம்பெனி தப்பித்துவிடுகிறது. ஆனால் ரவியின் விளையாட்டில் அதை அடிக்க இடமே இல்லை. அவளுடைய அப்பா சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவர், போன மாதம்தான் நிறுத்திவிட்டார்கள் என்று அப்புறம்தான் வகுப்பு ஆசிரியை சொன்னார். அந்த வழியையும் சேர்க்க முடியுமா என்று ரவிக்குப் போன் செய்தேன். எழுதிவைத்த பழைய மெஷினே வீணாகிவிட்டது என்றான். ஸ்டெல்லா அன்று போர்டில் சாக்பீஸை வைத்துவிட்டுக் கேட்டது அப்படியே காதில் இருக்கிறது. "கம்ப்யூட்டருக்குத் தெரியலன்னா, வேற வழியே இல்லன்னு அர்த்தமா சார்?"

அடுத்த ரவுண்டு

தானே புயலுக்குப் பிறகு பள்ளி திறந்தும் பல நாள் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த அன்று பிள்ளைகள் பாடம் வேண்டாம், பிஸ்கட் கம்பெனி வேண்டும் என்றார்கள். கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து சிரிக்கட்டும் என்று அறையைத் திறந்துவிட்டேன்.

அந்த விளையாட்டிலும் புயல் உண்டு. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பார்த்து வந்தது. ஒரு மெஷினில் திரை இருண்டு, சரக்கெல்லாம் போய், 'அடுத்த ரவுண்டு' என்று பச்சையாக ஒரு கட்டம் மின்னியது. அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தவள் கௌரி. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கிராமத்துப் பெண். அவர்கள் தோப்பில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. நான் ஓடிப்போய் மெஷினை அணைக்கப் பார்த்தேன். அவள் என் கையைத் தடுத்துவிட்டுப் பச்சைக் கட்டத்தை அழுத்தினாள். பணம், சரக்கு, ஆள் எல்லாம் புதிதாக வந்து நின்றன. "இங்க அழுத்துன ஒடனே வந்துடுது சார். எங்க மரம் காய்க்க வருசக்கணக்கா ஆவும்."

அதிகாரி விளையாடினார்

அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். கம்ப்யூட்டர் அறையில் ஒரே கூச்சல். தலைமையாசிரியை அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. அதிகாரி மட்டும் இது என்ன, எப்படி என்று பிள்ளைகளைக் கேட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் ஆட்டத்திலேயே கம்பெனியை மூழ்கடித்தார். மறுபடி ஆடினார். டீ ஆறிப்போனது. பக்கத்தில் இருந்த பெண் "சார், வெலய ஜாஸ்தி வெக்காதீங்க" என்று அதட்ட, சரிம்மா சரிம்மா என்று குறைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்துபோனது. எல்லாப் பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுபோகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். ரவிக்கு என்னவென்று செய்தி அனுப்புவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மாலையில் ஜீப்பில் ஏறும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த வருடம் இந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு என்பதை ஞாபகப்படுத்தினார். பிறகு தோளில் கை வைத்து, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் சொன்னார். "எனக்கே வுட்டுட்டு எழுந்திரிக்க மனசு வரல சார். பசங்களுக்கு எப்படி வரும்? நிறுத்திடுங்க."

இப்போது பழையபடி கரும்பலகையில்தான் கணக்கு நடத்துகிறேன். பிள்ளைகள் நிறைய மார்க் வாங்குகிறார்கள், என்னைத்தான் ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.