எங்கள் இணைப்பில் வந்துபோன யாரோ

சுன்னாகத்து வீட்டில் அப்போது நானும் தம்பியும் மட்டும்தான். நான் பள்ளிக்கூட ஆசிரியை. அவன் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணிதம் படிப்பித்தான். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும். கிணற்றடி மோட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போன பிறகு, வாசலுக்கு ஒரு கமரா வாங்கி, வீட்டு இணையத்தோடு இணைத்து நானே பொருத்தினேன். கைபேசித் திரையில் கேட்ட எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அழுத்தினேன். ஒன்றையும் வாசிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பொலிஸார் இருவர் வந்தார்கள். யாரோ ஒரு பெண்பிள்ளைக்கு அசிங்கமான மிரட்டல்கள் போயிருக்கின்றன என்றார்கள்.

“உங்கடை வீட்டு இணைய இணைப்பிலை இருந்துதான் போயிருக்கு. வீட்டிலை ஆம்பிளையள் ஆர் இருக்கினம்?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி கை கழுவிவிட்டு வந்தான். தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். அவனுடைய கைபேசியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு ஆட்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மத்தியானம் அவன் குளிக்கப் போன நேரம் நான் அவனுடைய அறைக்குள் போனேன். என்னத்தைத் தேடினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மேசை லாச்சியைத் திறந்தேன். பழைய கொப்பிகளுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. எப்போதோ அவனை விரும்பிய ஒருத்தி, இனிச் சரிவராது என்று எழுதியது. அப்படி ஒருத்தி இருந்தது எனக்குத் தெரியாது. முழுவதையும் வாசித்தேன். நிமிர்ந்தபோது ஈரத் தலையோடு வாசலில் நின்றான்.

“தம்பி, நீ செய்யேல்லைத்தானே?”

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தான்.

“அவங்கள் கேப்பாங்கள், அது அவங்கடை வேலை. நீங்களும் கேக்கிறியள்.”

அடுத்த கிழமையே கல்வி நிலையத்தில் அவனைக் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதம் பொலிஸ் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். கடைசியில் சாவகச்சேரியில் கணினி திருத்தும் அவனுடைய கூட்டாளி வந்து, வீட்டில் இணையத்தோடு இணைந்திருந்த ஒவ்வொன்றையும் பார்த்தான்.

“அக்கா, உந்தக் கமரா உங்கடை இணையத்தை வெளி ஆக்களுக்கும் குடுத்துக்கொண்டிருக்குது. எங்கையோ இருக்கிறவன் அதுக்குள்ளாலை போய் என்னவும் செய்யலாம். பாக்கிறவைக்கு நீங்கள் செய்த மாதிரித்தான் தெரியும்.”

“நான் அப்பிடி ஒண்டும் போடேல்லையே.”

“நீங்கள் போடத் தேவையில்லை. வரேக்கையே போட்டபடிதான் வரும். நாங்கள்தான் தேடிப்பிடிச்சு நிப்பாட்டவேணும்.”

கூட்டாளி எழுதிக் கொடுத்ததை, நாங்கள் பிடித்த வழக்கறிஞர் பொலிஸாரிடம் கொண்டுபோனார். தம்பியின் பொருட்களைத் திருப்பித் தந்தார்கள். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. கல்வி நிலையத்திலிருந்து மட்டும் ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை.

இப்போது வவுனியாவில் அறை எடுத்து இருக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவான். சமைத்ததைச் சாப்பிடுவான், கிணற்றடியில் ஏதாவது வேலை இருந்தால் செய்துதருவான். கேட்டால் பதில் சொல்வான். தானாக எதையும் சொல்வதில்லை. பின்னேர பஸ்ஸுக்குப் போய்விடுவான்.