இலையின் பின்புறம்

பூங்கன்றுக் கடையில் பன்னச்செடி ஒன்றின் இறகு போன்ற இலையைத் திருப்பினேன். பின்னால் முழுக்கக் கபில நிறப் புள்ளிகள். நகம் தானாகவே சுரண்டத் தொடங்கியது.

திருகோணமலையில் எங்கள் கிணற்றடிப் பாறை இடுக்கில், வெயில் படாத மூலையில், சின்னமாமி பன்னம் வளர்த்தார். குளிக்கிற தண்ணீரே அதற்குப் போதும்.

"பூக்காத சாமானை ஏன் வளர்க்கிறீர்?" என்பார் மாமா. பிள்ளையில்லாத மாமி அடுத்த இலையைத் திருப்புவார்.

"இந்தப் புள்ளி வருத்தம், பிள்ளை. விட்டால் செடி செத்துப்போம்" என்று எனக்கு மட்டும் சொல்லி, துறைமுகச் சங்கு ஊதும்வரை இலை இலையாகச் சுரண்டுவார்.

"இது வருத்தம் பிடிச்ச செடி" என்றேன் கடைக்காரரிடம்.

"வருத்தமில்லை அக்கா. அதுதான் அதின்ர விதை."

"ஓம்" என்றேன். நகத்துக்குள் கபிலத் தூள் இருந்தது. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன்.